வீட்டில் பொழுதுபோக்கு அறை: பொருள் வாங்கும் முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

மூத்த பிள்ளை திருமணமாகித் தனி வீட்டுக்குச் சென்றதும் நாலறை வீட்டில் ஓர் அறை காலியாகிறது. வேறு சில குடும்பங்களில், புதிய வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே மூன்றாவது படுக்கையறை யாருக்கு என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. மிருதங்கம் பயில ஓர் இடம், பழைய படங்களைப் பெரிய திரையில் பார்க்க ஓர் இடம், தையல் இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் தூக்கி எடுத்து வைக்காமல் நிலையாக விட்டுவைக்க ஓர் இடம் என்று ஆளுக்கோர் ஆசை இருக்கும்.

இத்தகைய அறையை அமைக்க விரும்புவோரில் பலர் கடையிலிருந்துதான் தொடங்குகின்றனர். பெரிய திரை, ஒலிபெருக்கி, சாய்வு நாற்காலி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஓராண்டு கழித்துப் பார்த்தால் அதே அறையில் துணி காய்கிறது, பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இல்லாவிட்டால், கீழ்வீட்டாருடன் முகம் கொடுத்துப் பேச முடியாத நிலை ஏற்பட்டிருக்கிறது.

அறை பயன்படாமல் போவதற்கு வாங்கிய பொருள் மட்டமாக இருப்பது பெரும்பாலும் காரணமன்று. மின்சாரம், சத்தம், ஈரப்பதம், எடை, குடும்பத்தாரின் இடத்தேவை ஆகிய ஐந்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்காததே காரணம். இவை பொருள் வாங்கிய பிறகு திருத்துவதற்குக் கடினமானவை. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வசிப்போர், பொழுதுபோக்கு அறை அமைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்குத் தொகுத்துத் தரப்படுகின்றன.

முதல் கேள்வி: அறையில் என்ன நடக்கப் போகிறது?

ஓர் அறையில் எல்லாவற்றையும் செய்யலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பொழுதுபோக்குகள் ஒன்றுக்கொன்று முரணானவை. படம் பார்க்க அறை இருட்டாக இருக்க வேண்டும். தையலுக்கும் ஓவியத்துக்கும் நல்ல வெளிச்சம் வேண்டும். பாட்டுப் பயிற்சிக்கு அமைதி தேவை. மரவேலையும் மாதிரி வடிவங்கள் செய்வதும் தூசியைக் கிளப்பும். அந்தத் தூசி திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகாது.

எனவே, முதன்மைப் பயன் ஒன்றைத் தீர்மானித்துவிட்டு, அதற்கு இடையூறு தராத ஒன்றோ இரண்டோ துணைப் பயன்களைச் சேர்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. படம் பார்ப்பதும் விளையாட்டுச் சாதனங்களும் ஒன்றாகப் பொருந்தும். வாசிப்பும் ஓவியமும் தையலும் ஒன்றாகப் பொருந்தும். இசைப் பயிற்சியும் ஒலிப்பதிவும் ஒன்றாகப் பொருந்தும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கலாம். அந்தப் பொழுதுபோக்கில் உண்மையாகவே எத்தனை மணி நேரம் செலவிடப்படுகிறது, எந்த நேரத்தில் என்று எழுதி வந்தால் ஆசைக்கும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால், தனி அறைக்குப் பதிலாக வரவேற்பறையில் கதவு வைத்த அலமாரியும் மடிக்கக்கூடிய மேசையும் போதும்.

புதிதாக ஒன்றைத் தொடங்குவோர், செலவு செய்வதற்கு முன் வெளியிடங்களில் பழகிப் பார்ப்பது நல்லது. தேசிய நூலக வாரியத்தின் சில நூலகங்களில் உள்ள ‘மேக்இட்’ கூடங்கள் முப்பரிமாண அச்சு இயந்திரம், தையல் இயந்திரம் போன்றவற்றை இயக்கிப் பழக வாய்ப்பளிக்கின்றன. சமூக மன்றங்களில் இசை, நடனம், கைவினை வகுப்புகள் நடக்கின்றன. மூன்று மாதம் வகுப்புக்குச் சென்ற பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் அறையைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

நாலறை வீட்டின் பரப்பு பொதுவாக ஏறத்தாழ 90 சதுர மீட்டர். அதில் மூன்று படுக்கையறைகள் உண்டு. பொதுப் படுக்கையறை ஒன்று ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டிருக்கும். கட்டில், அலமாரி ஆகியவற்றை எடுத்துவிட்டால் இருவர் அமர்ந்து படம் பார்க்கவோ ஒருவர் பயிற்சி செய்யவோ அது தாராளம்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நான்கு சுவர்களுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அடுத்த வீட்டின் படுக்கையறையோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அறை இசைக்கும் திரைக்கும் ஏற்றதன்று. சொந்த வீட்டின் சமையலறை, குளியலறை, நடைவழி ஆகியவற்றை ஒட்டிய அறை நல்லது. மாலை வெயில் நேரடியாகப் படும் அறையில் இசைக்கருவிகளையும் புத்தகங்களையும் வைப்பதைத் தவிர்க்கலாம்.

‘பாம் ஷெல்டர்’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் வீட்டுப் பாதுகாப்பறையைப் பொழுதுபோக்கு அறையாக மாற்றலாமா என்று கேட்போர் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இந்த அறை இருக்கிறது. தடித்த கான்கிரீட் சுவர்களும் இரும்புக் கதவும் வெளியே சத்தம் போகாமல் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுவரையோ தரையையோ கூரையையோ இடிக்கக் கூடாது. கதவை அகற்றக் கூடாது. காற்றுத் திறப்புகளை மறைக்கக் கூடாது. சுவரில் துளையிடுவதற்கும் ஆழக் கட்டுப்பாடு உண்டு. நிரந்தரமாக ஒட்டப்படும் சுவர்ப் பலகைகளுக்கும் இடமில்லை. நெருக்கடி காலத்தில் குறுகிய நேரத்தில் காலிசெய்து குடும்பத்தார் தங்கக்கூடிய இடமாக அது எப்போதும் இருக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் நோக்கம்.

மேலும், சன்னல் இல்லாத அந்தச் சிறிய அறையில் கதவை மூடிக்கொண்டு நீண்ட நேரம் இருப்பது புழுக்கமாக இருக்கும். வெறும் கான்கிரீட் சுவர்களில் ஒலி மோதி எதிரொலிப்பதால் பாட்டும் பேச்சும் தெளிவாகக் கேட்காது. கருவிகளையும் தையல் துணிகளையும் அடுக்கி வைக்கும் இடமாக அதைப் பயன்படுத்திக்கொண்டு, படுக்கையறையைக் காலியாக வைத்துக்கொள்வதே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

மின்சாரம்: பழைய வீடுகளில் கூடுதல் கவனம்

சிங்கப்பூரில் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் கிடைக்கிறது. 13 ஆம்பியர் செருகுவாய் ஒன்று தாங்கக்கூடிய உச்ச அளவு ஏறத்தாழ 3,000 வாட். திரை, ஒலிபெருக்கி, விளையாட்டுச் சாதனம், விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் அந்த அளவை எட்டுவது அரிது. ஆனால் அதே நீட்டிப்புப் பெட்டியில் நீராவித் தேய்ப்புப் பெட்டியோ தண்ணீர் கொதிக்கவைக்கும் கலமோ சேர்ந்தால் நிலைமை மாறிவிடும். ஒரு நீட்டிப்புப் பெட்டியில் இன்னொரு நீட்டிப்புப் பெட்டியைச் செருகுவது ஆபத்தானது.

1994ஆம் ஆண்டுக்கு முன் கட்டி முடிக்கப்பட்ட வீவக வீடுகளில் முதன்மை மின்விசை 30 ஆம்பியராக இருக்கலாம். அத்தகைய வீட்டில் கூடுதலாக ஒரு குளிரூட்டி பொருத்த எண்ணுவோர், 40 ஆம்பியருக்கு மாற்ற வேண்டியிருக்குமா என்பதை உரிமம் பெற்ற மின் ஊழியரிடம் கேட்டறிய வேண்டும். புதிய செருகுவாய் அமைப்பது, மின்கம்பியை இடமாற்றுவது போன்ற வேலைகளையும் அவரைக் கொண்டே செய்ய வேண்டும்.

மின்கசிவு ஏற்பட்டால் நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பழைய வீடுகளுக்கு இரண்டாண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. அதுவும் 2025இல் முடிந்துவிட்டது. 1985க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் வசிப்போர் மின்பெட்டியைத் திறந்து, சோதனைப் பொத்தான் உள்ள அந்தச் சாதனம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

செருகுவாய்கள் எங்கே வேண்டும் என்பதை அறைகலன் வரைபடத்தைத் தாளில் வரைந்த பிறகே முடிவுசெய்யலாம். மேசையின் பின்புறம் தரைமட்டத்தில் இருக்கும் செருகுவாய் பின்னர் எட்டாமல் போகும். மேசை மட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு இரட்டைச் செருகுவாய்கள் இருந்தால் கம்பிகள் காலில் சிக்காது.

மின்செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 0.8 அலகு மின்சாரம் எடுக்கும் குளிரூட்டியை நாளுக்கு நான்கு மணி நேரம் இயக்கினால் மாதத்துக்கு 96 அலகு ஆகும். ஓர் அலகுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 29 வெள்ளி. அறையின் பிற சாதனங்கள் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் இவ்வளவு ஆகாது.

சத்தம்: பஞ்சு ஒட்டினால் போதாது

பொழுதுபோக்கு அறையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சத்தம்தான். சுவரில் பஞ்சுப் பலகைகளை ஒட்டினால் அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகாது என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று.

பஞ்சு, கனமான திரைச்சீலை, கம்பளம் போன்றவை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கின்றன. பாட்டு தெளிவாகக் கேட்கும். ஒலிப்பதிவு நன்றாக அமையும். ஆனால் வெளியே போகும் சத்தத்தை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. சத்தத்தைத் தடுப்பவை கனமும் இடைவெளியின்மையும். எவ்வளவு கனமான சுவர் இருந்தாலும், கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சத்தம் அந்த வழியே வெளியேறிவிடும். எனவே, செலவைக் கதவில் தொடங்குவது புத்திசாலித்தனம். உள்ளீடற்ற மெல்லிய கதவை மாற்றிக் கனமான மரக்கதவு பொருத்தி, விளிம்புகளில் ரப்பர்ப் பட்டையும் அடியில் தூரிகைப் பட்டையும் வைத்தால் வீட்டுக்குள்ளேயே வேறுபாடு தெரியும்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவை சத்தத்தைத் தடுக்காததுடன், எளிதில் தீப்பற்றக்கூடியவை. தீத்தடுப்புத் தரமில்லாத மலிவான பஞ்சும் அப்படியே. அது எரியும்போது நச்சுப் புகையும் வெளிவரும்.

அடுத்து, காற்றின் வழியாகச் செல்லும் சத்தமும் கட்டடத்தின் வழியாகச் செல்லும் சத்தமும் வெவ்வேறு. வயலின் இசையும் பேச்சும் முதல் வகை. பரதநாட்டியப் பயிற்சியில் காலால் தட்டுவது, தையல் இயந்திரத்தின் அதிர்வு, தரையில் வைத்த பெரிய ஒலிபெருக்கியின் அடித்தொனி ஆகியவை இரண்டாம் வகை. இவை தரைவழியே இறங்கிக் கீழ்வீட்டின் கூரையில் இடிபோலக் கேட்கும். மேலே இருப்பவருக்கு ‘சின்னச் சத்தம்’ என்று தோன்றுவது கீழே இருப்பவருக்கு அப்படி இருப்பதில்லை.

அடித்தொனியைத் தடுப்பது ஏன் கடினம் என்பதற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளமானது. அறையைவிட நீளமான அந்த அலையை 5 சென்டிமீட்டர் பஞ்சு எதுவும் செய்துவிட முடியாது. படம் பார்ப்பதற்குத் தனி அடித்தொனிப் பெட்டி வைப்பவர்கள், அதை அதிர்வு தாங்கும் ரப்பர்த் திண்டின் மேல் வைத்து, இரவில் அணைத்துவிடுவதே எளிய வழி.

தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பயிலும் கலைகளைப் பொறுத்தவரை சில நடைமுறை வழிகள் உள்ளன. வயலினின் குதிரையில் பொருத்தும் ஒலிகுறைப்பான் சத்தத்தை வெகுவாகக் குறைக்கும். வீணை இயல்பிலேயே மென்மையானது. கருவியின் சத்தத்தால் சிக்கல் வருவது அரிது. மிருதங்கமும் தபேலாவும் பயில்வோர், விரல் பழக்கத்துக்கான பாடங்களை ரப்பர்ப் பயிற்சிப் பலகையில் செய்துவிட்டு, கருவியில் வாசிப்பதை மாலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். மின்னணு டிரம் வாங்கினால் சத்தமே இருக்காது என்று எண்ணக் கூடாது; காதணிபேசியில் கேட்பவருக்கு மட்டுமே இசை கேட்கும் என்றாலும், மிதிக்கட்டையின் அடி தரையில் இறங்கும்.

நடனத்தைப் பொறுத்தவரை, அடவுப் பயிற்சியை வீட்டுத் தரையில் முழு வேகத்தில் செய்வதற்கு அடுக்குமாடி வீடு பொருத்தமான இடமன்று. கான்கிரீட் மேல் பதித்த ஓடு, ஆடுபவரின் முழங்காலுக்கும் நல்லதன்று. வீட்டில் முத்திரை, அபிநயம், தாளக் கணக்கு ஆகியவற்றைப் பயின்று, தட்டிப் பயில வேண்டியவற்றைச் சமூக மன்றத்தின் நடனக்கூடத்துக்கு ஒதுக்கி வைப்பது இருவீட்டாருக்கும் நிம்மதி.

காதணிபேசி அண்டைவீட்டாரைக் காப்பாற்றும். பயன்படுத்துபவரின் செவியைக் காப்பாற்றாது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவிலும், பிள்ளைகள் 75 டெசிபல் அளவிலும் கேட்பது பாதுகாப்பான வரம்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அளவு கூடக் கூடப் பாதுகாப்பான நேரம் விரைவாகக் குறையும். பிள்ளைகளின் சாதனங்களில் ஒலி உச்சவரம்பை அமைத்துவிடலாம்.

திரை: அறைக்கு ஏற்ற அளவு

திரையின் அளவைத் தீர்மானிப்பது பணமன்று. கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம். திரையின் மூலைவிட்ட நீளத்தை 1.6ஆல் பெருக்கினால் வசதியான தூரம் கிடைக்கும். 55 அங்குலத் திரையின் மூலைவிட்டம் 140 சென்டிமீட்டர். அதற்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் தூரம் வேண்டும். 65 அங்குலத் திரைக்கு 2.6 மீட்டர். 3 மீட்டர் அறையில் இருக்கையைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டாலும் கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஏறத்தாழ 2.3 மீட்டர்தான் கிடைக்கும். ஆக, பொதுப் படுக்கையறைக்கு 55 அங்குலமே நிறைவானது.

படவீழ்த்தி வாங்க நினைப்போர் எறிதூரத்தைக் கவனிக்க வேண்டும். 100 அங்குலப் படத்தின் அகலம் 2.2 மீட்டர். எறிதூர விகிதம் 1.5 என்று குறிப்பிடப்பட்ட கருவிக்கு 3.3 மீட்டர் தூரம் தேவை. அது அறையைவிட நீளம். சிறிய அறைக்குக் குறுந்தூரப் படவீழ்த்திதான் ஒத்துவரும்.

திரையின் நடுப்பகுதி அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். சுவரில் உயரத்தில் மாட்டிய திரை அழகாகத் தெரியலாம். இரண்டரை மணி நேரப் படம் முடியும்போது கழுத்து வலிக்கும்.

தையல், ஓவியம், மணிவேலை செய்வோருக்குக் கூரை விளக்கு மட்டும் போதாது. கை நிழல் வேலையின் மேல் விழாதபடி, வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடப்புறமாக மேசைவிளக்கு இருக்க வேண்டும். நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள விளக்கை வாங்கினால், இரவில் தேர்ந்தெடுத்த நூலின் நிறம் பகலில் வேறாகத் தெரியாது.

ஈரப்பதம்: கண்ணுக்குத் தெரியாத பகை

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேல். மழை இல்லாத நாளில் பிற்பகலில் அது 60 விழுக்காடு வரை இறங்கினாலும், விடியற்காலையில் 90ஐத் தாண்டிவிடும். பூஞ்சணம் வளர இது போதும். ஆசையாகச் சேர்த்த புத்தகங்கள், இசைத்தட்டுகள், புகைப்படக் கருவிகள் ஆகியவை கதவு மூடிய அறையில் ஓராண்டில் கெட்டுவிடக்கூடும்.

மலிவான ஈரப்பதமானி ஒன்றை அறையில் வைத்துச் சில வாரங்கள் அளவைக் கவனிப்பது முதல் படி. புகைப்படக் கருவிகளுக்கும் வில்லைகளுக்கும் 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்திருக்கும் உலர்பேழை ஏற்றது. புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் பின்புறம் காற்று ஓடும். வெளிச்சுவரைக் காட்டிலும் உட்சுவரை ஒட்டி வைப்பது மேல்.

இசைக்கருவிகளுக்கு ஈரப்பதம் மட்டுமன்றி அதன் ஏற்ற இறக்கமும் பகை. மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டியை இயக்கும்போது காற்று உலர்ந்து வயலினின் முறுக்காணிகள் நெகிழும். தஞ்சாவூர் வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். குளிரூட்டியின் காற்று நேரே படாத, வெயில் எட்டாத மூலையே கருவிகளுக்கு உரிய இடம்.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ஒட்டிய ரவைப் பசையை ஒவ்வொரு முறையும் வழித்துத் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் தோலும் கெடும். எறும்பும் கரப்பான்பூச்சியும் தேடி வரும்.

எடை: கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று

குடியிருப்புக் கட்டடங்களின் தளம் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோகிராம் பயன்பாட்டு எடையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. இந்த எண்ணை வைத்துச் சில பொருள்களைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும்.

120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மீன்தொட்டியில் 243 லிட்டர் நீர் பிடிக்கும். நீரின் எடை மட்டும் 243 கிலோகிராம். அது நிற்கும் பரப்பு 0.54 சதுர மீட்டர். அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு 450 கிலோகிராம். வடிவமைப்பு அளவைப்போல மூன்று மடங்கு. கண்ணாடி, கூழாங்கல், தாங்கி ஆகியவை தனி.

தளம் உடனே விரிசல் விடும் என்று இதற்குப் பொருளன்று; எடை சுற்றிலும் பரவவே செய்யும். ஆயினும் இத்தகைய எடையை அறையின் நடுவில் வைக்கக் கூடாது. சுவரோரமாக, அகலமான தாங்கியின் மேல் வைப்பது பொதுவான வழி. தொட்டி அதைவிடப் பெரியது என்றால் தகுதிபெற்ற பொறியாளரின் கருத்தைப் பெறுவது நல்லது. உடற்பயிற்சி எடைகள், நிமிர்ந்த பியானோ, கூரைவரை உயர்ந்த புத்தக அலமாரிகள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

சீரமைப்பு வேலை: விதிகள் என்ன சொல்கின்றன?

இரண்டு அறைகளை ஒன்றாக்கச் சுவரை இடிக்க விரும்புவோர், வேலையைத் தொடங்குமுன் வீவகவின் அனுமதி பெற வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர், தூண், உத்திரம் ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. வீவகவின் பட்டியலில் உள்ள சீரமைப்பு ஒப்பந்ததாரரையே அமர்த்த வேண்டும். கூட்டுரிமை வீடுகளில் நிர்வாகக் குழுவின் விதிகள் பொருந்தும்.

தரையின் மேற்பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சத்தம் இறங்காமல் இருக்க அடுக்கடுக்காகத் தரை அமைக்க நினைப்போருக்கு இந்த வரம்பு முக்கியம். பொய்க்கூரை அமைத்தால் அதன் கீழ் குறைந்தது 2.4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். சன்னலை நிரந்தரமாக அடைத்துவிடக் கூடாது; காற்றுக்கும் நெருக்கடி நேரத்துக்கும் அது தேவை.

வேலைகளை வாரநாள்களிலும் சனிக்கிழமையிலும் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை செய்யலாம். இடிப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளை வாரநாள்களில் மட்டும் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் சீரமைப்புக்கு அனுமதியில்லை.

அந்த அறையில் பிறருக்கு வகுப்பு நடத்த எண்ணினால் அது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. வீட்டிலிருந்து தொழில் செய்வதற்குத் தனி விதிமுறைகள் உள்ளன. அவற்றை முன்கூட்டியே வீவகவிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டாரும் அண்டைவீட்டாரும்

ஒருவருக்கென ஓர் அறை ஒதுக்கப்படும்போது இன்னொருவருடைய இடம் குறைகிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் வரவேற்பறையில் படுக்கும் பாட்டியாகவோ சாப்பாட்டு மேசையில் பாடம் படிக்கும் பிள்ளையாகவோ இருக்கும். இதை வெளிப்படையாகப் பேசித் தீர்மானிக்காத வீடுகளில்தான் அறை பின்னர் மெல்ல மெல்லப் பறிபோகிறது. தொடக்கநிலை இறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் அறையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது, தீபாவளிக்கு ஊரிலிருந்து வரும் உறவினர் ஒரு மாதம் தங்குவது ஆகியவற்றையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலாக விரியும் இருக்கை, சக்கரம் வைத்த மேசை, பூட்டக்கூடிய அலமாரி ஆகிய மூன்றும் இருந்தால் அறையை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

அண்டைவீட்டாரைப் பொறுத்தவரை, முதல் முறை கருவியை வாசிப்பதற்கு முன்பே கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சென்று பேசிவிடுவது நல்லது. வாரத்தில் எந்த நாள்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சொல்லி, தொலைபேசி எண்ணையும் கொடுக்கலாம். இரவுப்பணி செய்பவரோ கைக்குழந்தையோ அந்த வீட்டில் இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது எளிது.

அண்டைவீட்டுச் சத்தம் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை நீட்டிக்கலாம் என்று 2022இல் பரிந்துரைத்தது. அதற்கு முன் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை என்பதே வழக்கமாகக் கருதப்பட்டது. பொழுதுபோக்கு அறையின் நேரத்தை இரவு 9.30 மணிக்குள் முடித்துக்கொண்டால் எந்தக் கணக்கின்படியும் பூசல் எழ வாய்ப்பு குறைவு.

அப்படியும் மனத்தாங்கல் ஏற்பட்டால் 1998 முதல் இயங்கிவரும் சமூக சமரச நிலையத்தை இருதரப்பினரும் நாடலாம். அங்கும் தீராதவற்றை விசாரிக்க 2015இல் சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. ஆனால் அதே மாடியில் இன்னும் பல்லாண்டு வாழப்போகிறவர்களுக்கு, வாசற்படியில் நின்று பேசும் பத்து நிமிடம் இவற்றைவிடப் பயனுள்ளது.

எங்கிருந்து தொடங்கலாம்?

அறை அமைப்போர் பின்வரும் வரிசையைப் பின்பற்றினால், பின்னர் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை குறையும்.

1. முதன்மைப் பயனைத் தீர்மானித்து, குடும்பத்தாருடன் பேசி, எந்தெந்த நேரம் என்று முடிவுசெய்தல்.

2. அறையைக் காலிசெய்து, நீள அகலத்தை அளந்து, அறைகலன்களை அதே விகிதத்தில் தாளில் வரைந்து பார்த்தல்.

3. மின்பெட்டி, செருகுவாய்களை உரிமம் பெற்ற மின் ஊழியரிடம் காட்டுதல்.

4. ஒருவர் அறைக்குள் வழக்கமான அளவில் இசையை ஒலிக்கவிட, இன்னொருவர் வீட்டின் வெளியே நடைவழியில் நின்று கேட்டல். கீழ்வீட்டார் இசைந்தால் அங்கிருந்தும் கேட்கலாம்.

5. கதவு, இடைவெளிகள், தரைத் திண்டு ஆகியவற்றைச் சரிசெய்தல்.

6. இரண்டு வாரம் ஈரப்பதத்தை அளந்த பிறகு கருவிகளையும் புத்தகங்களையும் உள்ளே கொண்டுவருதல்.

7. கையில் உள்ள பொருள்களைக் கொண்டே மூன்று மாதம் அறையைப் பயன்படுத்திவிட்டு, அதன் பிறகே திரை, ஒலிபெருக்கி, நாற்காலி போன்ற பெரிய பொருள்களை வாங்குதல்.

கடைசிப் படியைப் பலர் முதலில் செய்துவிடுகின்றனர். மூன்று மாதம் பயன்படுத்திய பின் வாங்கப் போகும்போது, தேவைப் பட்டியல் பாதியாகச் சுருங்கியிருக்கும். மீதப்படும் பணத்தை நல்ல கதவுக்கோ பிள்ளையின் இசை வகுப்புக்கோ செலவிடலாம்.